தனியார் கிளவுட் சர்வர்களை வேறு கட்டிடத்துக்கு மாற்றும்போது எதில் அதிகக் கவனம் வேண்டும்?

மூன்று ரேக்குகளில் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரிகளில்) கிளவுடை நடத்தும் ஓப்பன்ஸ்டாக் மென்பொருளும், தரவைப் பல டிஸ்க்குகளில் பிரதிகளாக வைக்கும் செஃப் சேமிப்பும் ஓடுகின்றன, அலுவலகம் பெங்களூருக்குள்ளேயே வேறு கட்டிடத்துக்குப் போகிறது, வெள்ளி இரவு அணைத்தால் திங்கள் காலைக்குள் திரும்பத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே அளவுள்ள அமைப்பு ஒன்றை நானும் குழுவினர் நால்வரும் கோரமங்கலாவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாற்றியிருக்கிறோம். முடியும். லாரியையும் சாலையையும் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே என்றாலும், எங்களை அதிகம் சோதித்தது, ஐந்து ஆண்டுகளாக ஒருமுறைகூட முழுவதுமாக நிறுத்தப்படாத ஓர் அமைப்பை நிறுத்தி மீண்டும் எழுப்பும் வேலைதான்.

ஆகவே நான் முதலில் வலியுறுத்துவது இது: இடம் மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பு, பழைய இடத்திலேயே, ஒரு சனிக்கிழமை இரவு அத்தனை சர்வர்களையும் முறைப்படி நிறுத்தி, மின் கேபிள்களையும் பிடுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். நிர்வாகம் இதற்குத் தனியாக ஓர் இரவு தரத் தயங்கும். எங்களுக்கும் இரண்டு கூட்டங்களில் பேசிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த ஓர் இரவில் வெளிப்படும் பழுதுகள் எல்லாம் பயணத்தால் வந்தவை அல்ல என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியும். அதே பழுது புதிய கட்டிடத்தில் ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு வெளிப்பட்டால், அது பயணத்தில் அடிபட்டதாலா, புதிய மின் இணைப்பாலா, கேபிளை மாற்றிச் செருகியதாலா என்று தேடித் தேடியே விடிந்துவிடும்.

எங்களுடைய ஒத்திகை இரவில் முதலில் அகப்பட்டது ஒரு வட்டம். கட்டுப்பாட்டு சர்வர்கள் எழும்போது ஒன்றையொன்று பெயரால் தேடின. பெயருக்கு முகவரி சொல்ல வேண்டிய டிஎன்எஸ் சேவையோ அதே கிளவுடுக்குள் ஒரு விஎம்மாக, அதாவது மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினியாக, ஓடிக்கொண்டிருந்தது. கிளவுட் எழ டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் எழ கிளவுட் வேண்டும். கடவுச்சொற்களை வைத்திருந்த பெட்டகமும் இன்னொரு விஎம்தான் என்பது அடுத்த பத்து நிமிடத்தில் தெரிந்தது. அன்றிரவு ஒரு மடிக்கணினியில் தற்காலிக டிஎன்எஸ் வைத்துச் சமாளித்தோம். பிறகு டிஎன்எஸ், சர்வர்களின் கடிகாரங்களை ஒத்துவைக்கும் என்டிபி இரண்டையும் கிளவுடுக்கு வெளியே இரண்டு சிறிய தனிச் சர்வர்களில் நிறுவினோம். அவசியமான கடவுச்சொற்களைத் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி, மேலாளரிடம் கொடுத்து வைத்தோம். உங்கள் அமைப்பிலும் இப்படி ஏதாவது ஒரு வட்டம் இருக்க வாய்ப்பு அதிகம். காகிதத்தில் எழுதித் தேடினால் அது கண்ணுக்குப் படாது, அணைத்துப் பார்த்தால்தான் படும்.

இரண்டாவது, கடிகாரம். சர்வரின் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி, மின்சாரம் தொடர்ந்து இருக்கும்வரை தன் சாவை வெளியே காட்டாது. கேபிளைப் பிடுங்கியதும் நான்கு சர்வர்கள் பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியோடு எழுந்தன. அந்தத் தேதியில், சர்வர்கள் ஒன்றையொன்று அடையாளம் காணப் பயன்படும் எங்கள் மின்னணுச் சான்றிதழ்கள் எதுவும் செல்லுபடியாகவில்லை. செஃபின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர் சேவைகளோ தங்கள் கடிகாரங்களுக்குள் 0.05 விநாடிக்கு மேல் வேறுபாடு இருந்தாலே எச்சரிக்கத் தொடங்குபவை. கடைத்தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த வில்லை பேட்டரியை எல்லாச் சர்வர்களிலும் மாற்றிவிட்டோம்.

மூன்றாவது, டிஸ்க்குகள். ஆண்டுக்கணக்கில் நிற்காமல் சுழன்ற சுழல் டிஸ்க்குகளில் சில, நின்று குளிர்ந்த பிறகு மறுபடி சுழலாது. எங்களுக்கு அன்று இரண்டு போயின. ஒன்றைக் கையில் எடுத்துக் காதருகே வைத்துக் கேட்டேன்; மோட்டார் முனகும், ஒரு சிறு சொடக்கு கேட்கும், பிறகு அமைதி, மறுபடியும் முனகல். ஒவ்வொரு தரவுக்கும் செஃபில் மூன்று பிரதிகள் இருந்ததால் சேதமில்லை. இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றி, செஃப் தானே பிரதிகளைச் சரிசெய்து முடிக்கும்வரை காத்திருக்க நான்கு நாட்கள் எங்களிடம் இருந்தன. இடம் மாற்றும் வார இறுதியில் அந்த நாட்கள் இருந்திருக்காது.

நிறுத்தும் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விஎம்கள் முதலில்; பிறகு செஃப் முழு நலத்தோடு இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நோஅவுட், நோரீபேலன்ஸ், நோபேக்ஃபில், நோரிகவர் முதலிய கொடிகளை (செஃப் தானாகத் தரவை இடம் மாற்றாமல் தடுக்கும் கட்டளைகளை) ஏற்றிவிட்டு, டிஸ்க்குகளை இயக்கும் ஓஎஸ்டி சர்வர்கள், கடைசியாக மானிட்டர்கள். எழுப்புவது இதற்கு நேர் தலைகீழ். கொடிகளை ஏற்ற மறந்தால், இயல்பான அமைப்பில் 600 விநாடிக்குள் எழாத ஓஎஸ்டியைச் செஃப் விலக்கிவிட்டு, மீதமிருப்பவற்றில் மறுபகிர்வைத் தொடங்கிவிடும். நீங்கள் இன்னும் கேபிள் செருகிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குகள் திணறும். ஒரே தரவைப் பல சர்வர்களில் ஒத்துவைக்கும் கலேரா தரவுத்தளத்தில் கடைசியாக நின்ற சர்வர் எதுவோ அதைத்தான் முதலில் எழுப்ப வேண்டும். எது கடைசி என்பதை ஒரு சீட்டில் எழுதி அந்தச் சர்வரின் தலையிலேயே ஒட்டிவிடுங்கள்.

இனி கட்டிடம். எங்கள் ரேக் ஒவ்வொன்றும் நிறைந்த நிலையில் 600 கிலோவுக்கு மேல் இருந்தது. 60 சென்டிமீட்டருக்கு 107 சென்டிமீட்டர் என்ற அடிப்பரப்பில் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டுகிறது. சாதாரண அலுவலகத் தளங்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரைக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. சுற்றியுள்ள காலி இடமும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனாலும் கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் ரேக்கை நிறுத்தாதீர்கள். எங்களுக்கு அவர், ரேக்குகளை உத்திரத்தை ஒட்டி வரிசையாக வைக்கவும், அடியில் இரும்புச் சட்டம் போடவும் சொன்னார். லிஃப்டையும் இப்போதே அளந்து வையுங்கள். நம் ஊர் லிஃப்டில் ஒரு நபருக்கு 68 கிலோ என்று கணக்கு. எட்டு நபர் லிஃப்ட் என்றால் 544 கிலோதான். நிறைந்த ரேக் அதில் ஏறாது. 42 யூ (யூ என்பது ரேக்கின் உயர அலகு) ரேக்கின் உயரம் இரண்டு மீட்டரை ஒட்டி வருவதால் காலி ரேக்கே கதவில் இடிக்கக்கூடும்.

இதனால்தான் ரேக்கோடு நகர்த்தும் யோசனையை நாங்கள் கைவிட்டோம். புதிய ரேக்குகள், பிடியூக்கள் (ரேக்குக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பட்டைகள்), கேபிள்கள் அனைத்தையும் புதிய இடத்தில் மூன்று வாரம் முன்பே நிறுவி, ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் பெயர் ஒட்டி, சோதித்து முடித்திருந்தோம். அந்த வார இறுதியில் நகர வேண்டியிருந்தவை சர்வர்கள் மட்டுமே. செலவு கூடுதல்தான். ஆனால் முப்பது மணி நேரத்தில் முடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

குளிரூட்டலில் ஒரு விஷயத்தைக் கட்டிட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல ஐடி பூங்காக்களில் பொது ஏசி இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் நிறுத்தப்படும். சர்வர் அறைக்குத் தனி ஏசி வேண்டும், அந்த ஏசி ஜெனரேட்டர் லைனிலும் இருக்க வேண்டும். மூன்று ரேக்கும் சேர்ந்து 15 கிலோவாட் இழுத்தால் ஏறத்தாழ 4.3 டன் குளிர்ச்சி தேவை. அதற்கு மேல் ஒரு மாற்று ஏசியும் தேவை. ஏசி ஜெனரேட்டர் லைனில் இல்லாவிட்டால், பெஸ்காம் (பெங்களூரின் மின் விநியோக நிறுவனம்) மின்சாரம் போகும்போது யூபிஎஸ் சர்வர்களைத் தாங்கிக்கொண்டே இருக்கும், ஏசி நின்றிருக்கும், அறை நிமிடங்களில் கொதிக்கும். கட்டிடத்தின் எலக்ட்ரீஷியனை அருகில் வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை உண்மையிலேயே இறக்கிப் பாருங்கள். லீஸ்டு லைனுக்கான (உங்களுக்கென ஒதுக்கப்படும் தனி இணைய இணைப்புக்கான) விண்ணப்பத்தைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். சாலை வெட்ட மாநகராட்சி அனுமதி வேண்டியிருந்தால் உங்கள் அட்டவணையை அதுதான் தீர்மானிக்கும்.

சர்வர்களைக் கழற்றும்போது ரேக்கின் மேலிருந்து கீழே வாருங்கள். மாட்டும்போது கனமானவை கீழே முதலில். டிஸ்க்குகளைக் கழற்றித் தனிப் பெட்டியில் எடுத்துப் போவதா, சர்வரிலேயே விடுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நாங்கள் சுழல் டிஸ்க்குகளை மட்டும் கழற்றி, சர்வர் எண்ணும் துளை எண்ணும் ஒட்டி, நுரைப் பெட்டிகளில் வைத்தோம். சர்வரும் பாதி எடையாகிவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நாங்கள் சர்வர்களின் முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து வந்தோம். கழற்றியபோது, காற்று இழுக்கும் துளைகளுக்குள் குங்குமத் தூள் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. இப்போது ரேக்கின் கதவுச் சட்டத்தில் மட்டும் பொட்டு வைக்கிறோம்.

இரண்டு லாரிகள் வைத்துக்கொண்டோம். ஒரு தரவின் மூன்று பிரதிகளும் ஒரே வண்டியில் போனால் அங்கே இருப்பது ஒரே பிரதிதான். ஆகவே எங்கள் செஃபில் எந்த ரேக்கில் எந்தப் பிரதி என்று பிரித்திருந்ததோ அதே பிரிவின்படி வண்டிகளிலும் பிரித்தோம், காப்புப் பிரதி நாடாக்கள் என் காரில் வந்தன. உங்கள் செஃபில் பிரதிகள் ரேக் அளவில் பிரிக்கப்படாமல் சர்வர் அளவில் மட்டும் பிரிக்கப்பட்டிருந்தால், முதலில் அதை மாற்றிவிட்டுப் பிறகு நாள் குறியுங்கள்.

ஏற்றுக்கூலிக் குழுவின் மேஸ்திரி கிருஷ்ணகிரிக்காரர். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், லோடு ரொம்பக் கம்மியா இருக்கு, காலி வண்டி மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். அடியில பத்து மணல் மூட்டை போட்டுக்கலாமா?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. பட்டை ஸ்பிரிங் உள்ள லாரியில் சுமை குறைந்தால் குலுக்கல் கூடும் என்பது சரிதானே. "போடுங்க அண்ணே, தூசி வராம மேல தார்ப்பாய் மட்டும் இறுக்கமா கட்டிடுங்க" என்றேன். மெத்தைகள் அந்தத் தார்ப்பாயின் மேல் வந்தன, சர்வர்கள் அவற்றின் மேல் படுத்த வாக்கில். ஏர் சஸ்பென்ஷன் வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் மேஸ்திரி சொன்னது நல்ல வழி. இரவு ஒன்றரைக்குக் கிளம்பி, சில்க் போர்டு தாண்டி மேம்பாலச் சாலையில் ஏறி, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஓட்டச் சொன்னோம்.

தாள்களையும் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பொருளே ஆனாலும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் டெலிவரி சலானும் இ-வே பில்லும் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும். உங்கள் கணக்குப் பிரிவிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். போக்குவரத்துக் காப்பீடும் அப்படித்தான்.

போய்ச் சேர்ந்ததும் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். அன்று மழை பெய்து காற்று ஈரமாக இருந்தது. குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும் என்பதால் உறைகளைப் பிரித்துப் புதிய அறையின் காற்றில் மூன்று மணி நேரம் வைத்திருந்தோம். அந்த நேரத்தில் ஃபைபர் முனைகள் ஒவ்வொன்றையும் துடைத்தோம். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போடாமல், ரேக்குக்கு இரண்டிரண்டாக ஏற்றினோம். சர்வர்கள் எழும் கணத்தில் விசிறிகள் முழு வேகத்தில் சுழன்று மின்னோட்டம் ஏறும், அத்தனையும் சேர்ந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். ஞாயிறு அதிகாலை நான்கு மணியளவில் செஃப் முழு நலம் என்று காட்டியது, கொடிகளை இறக்கினோம். பயணத்தால் பழுதானது ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு. சர்வர் எண் ஒட்டாத டிஸ்க் ஒன்று மட்டும் கையில் மீந்தது, அதன் துளையைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

பழைய கட்டிடத்தின் இணைய இணைப்பை உடனே ரத்து செய்துவிடாமல் ஒரு மாதம் வைத்திருங்கள். டிஎன்எஸ் பதிவுகளின் ஆயுளை (பிற கணினிகள் பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) ஒரு வாரம் முன்பே 300 விநாடியாகக் குறைத்திருந்தும், பழைய பொது முகவரியை நேரடியாக எழுதி வைத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் எங்களுக்கு மூன்றாவது வாரத்தில்தான் அகப்பட்டார்கள். அவர்களுடைய கோரிக்கைகளைப் பழைய இடத்தில் விட்டு வைத்திருந்த ஒரு சிறிய ரூட்டர்தான் அதுவரை புதிய இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.