காட்சி: காணுவதா, காணப்படுவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'காட்சி' என்றால் கண்ணுக்குத் தெரியும் பொருள், அவ்வளவுதான் என்கிறார் நண்பர். குறளில் வரும் 'மாசறு காட்சி' வடமொழித் 'தரிசனத்தின்' மொழிபெயர்ப்பாம். 'காட்டு' என்பதிலிருந்தே காட்சி பிறந்தது என்றும் சாதிக்கிறார். சரியா?

கி.

அன்புள்ள கி.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நடுவில் நிற்கும் டகர ஒற்றைப் பார்த்து நண்பர் ஏமாந்திருக்கிறார். 'காண்' என்ற வினையோடு 'சி' விகுதி சேர்ந்தால் காட்சி. 'மாண்' மாட்சி ஆனது அப்படித்தான். மாட்சிக்கும் சட்டையை ஆணியில் மாட்டுவதற்கும் என்ன உறவு? காட்டு என்பதும் காண் வழி வந்ததுதான், ஆனால் காட்சிக்கு அது தாய் அல்ல.

'சி' தொழிற்பெயர் விகுதி. ஆகவே காட்சியின் முதற்பொருள் காணுதல். காணப்படும் பொருளுக்கு அது ஆகிவந்தது; வற்றுதலைக் குறிக்கும் 'வற்றல்' நம் தட்டில் விழும் சுண்டைக்காய்க்குப் பெயரானதைப் போல. 'காட்சிக்கு எளியன்' (குறள் 386) என்ற இடத்தில் பரிமேலழகரும் 'காண்டற்கு எளியன்' என்றே உரை சொல்கிறார்.

அறிவுக்கு அந்தச் சொல் ஏன் போனது என்று வியக்க ஒன்றுமில்லை. தொட்டுப் பார், முகர்ந்து பார், யோசித்துப் பார் என்று இன்றைக்கும் எல்லாப் புலனையும் பார்வையிடம்தானே ஒப்படைக்கிறோம்? புறநானூற்றில் (192) கணியன் பூங்குன்றனார் 'திறவோர் காட்சியில் தெளிந்தனம்' என்கிறார். அந்தத் திறவோர், அதாவது அறிவில் தேர்ந்தவர்கள், கண்டது அந்தப் பாட்டில் வரும், ஆற்றில் மிதக்கும் புணையை (தெப்பத்தை) மட்டுமல்ல. சமணர்களின் 'நற்காட்சி' மட்டும் ('சம்யக் தரிசனம்') மொழிபெயர்ப்புதான். அந்த அளவுக்கு நண்பருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி நடுகல்லில் இருக்கிறது. போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள் (கல்லை எடுத்தல்), நீர்ப்படை (நீராட்டுதல்), நடுதல் என்று தொடங்கி வரிசைப்படுத்துகிறது. இங்கே காட்சி என்பது தகுந்த கல்லைத் தேர்ந்து காணும் வேலை. புறப்பொருள் வெண்பாமாலை அதையே 'கற்காண்டல்' என்று உடைத்துச் சொல்லிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இந்த வரிசையில்தான் நகர்கிறது: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை. காட்சிக் காதையை நண்பரை ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். கண்ணகிக்குக் கல் பொதியில் மலையிலிருந்தா, இமயத்திலிருந்தா, நீராட்டுவது காவிரியிலா, கங்கையிலா என்று அங்கே ஆராய்கிறார்கள். பொதியிற் கல் தன் வீரத்துக்குப் போதாது என்று சேர மன்னன் செங்குட்டுவன் இமயத்தைத் தேர்கிறான், படைக்கு ஆணை பிறக்கிறது. காதை முடியும்வரை அந்தக் கல் ஒருவர் கண்ணிலும் படவில்லை.