க்யூ கையில், யு எங்கே?

அன்புள்ள ஐயா,

வீட்டில் மகளோடு ஸ்கிராபிள் ஆடுகிறேன், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஆட்டம். க்யூ வந்துவிட்டால் ஆட்டமே நின்றுவிடுகிறது. யு இல்லாத க்யூ சொற்கள் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. பாதிக்கு மேல் பொருள் தெரியவில்லை. எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாதா? பிரெஞ்சு பேசத் தெரியாமலே ஸ்கிராபிள் வீரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு ஸ்கிராபிள் போட்டியில் ஜெயித்தாரே? இப்படிப் படித்தால் ஆங்கிலம் வளருமா? இன்னொன்று, மகள் இட்லி, தோசையெல்லாம் பலகையில் வைக்கிறாள். செல்லுமா?

மீனாட்சி, கோவில்பட்டி

அன்புள்ள மீனாட்சி,

ஆங்கிலம் வளராது. அதற்கு நாவல் படியுங்கள்.

நைஜலை இழுக்காதீர்கள். 2015இல் அவர் ஜெயித்தது உண்மைதான். ஆனால் அவர் அகராதியையே தலையில் ஏற்றிக்கொண்டவர். எஸ் சேர்ந்த வடிவமும் அவருக்குத் தனிச் சொல்லாக மனதில் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் அந்த மண்டை வாய்க்கவில்லை. பொருள் தெரியாமல் பட்டியலை உருப்போடும் வழக்கத்தின்மேல் எனக்கு வெகுநாளாகக் கோபம். இன்று நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் க்யூ. பையில் உள்ள நூறு காய்களில் க்யூ ஒன்று, யு நான்கு. யு வரும் வரும் என்று க்யூவைப் பிடித்துக்கொண்டே இருந்தால் மற்ற ஆறு காய்களை வைத்துத்தான் ஓட்டவேண்டும். கடைசிவரை கையில் தங்கினால் க்யூவின் மதிப்பான பத்துப் புள்ளி உங்களுக்குக் குறையும், முடித்தவருக்குப் பத்துக் கூடும். ஆக இருபது புள்ளி வித்தியாசம். பையில் ஏழு காய்க்குக் குறைந்துவிட்டால் மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதற்கு முன்பே முடிவெடுங்கள்.

க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துதான் பெரிய ரட்சகன். சீன மருத்துவம் சொல்லும் உயிராற்றல், உச்சரிப்பு ‘சீ’. எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, வலப்பக்கம் ஒரு ஐ, கீழே ஏற்கெனவே ஒரு ஐ இருந்தால் இரண்டு பக்கமும் முப்பத்தொன்று: அறுபத்திரண்டு புள்ளி, இரண்டே காயில். அடுத்து க்யூ-ஏ-டி, யேமனில் வாயில் அடக்கி மெல்லும் இலை. எஸ்-யு-க்யூ, அரபு நாட்டுச் சந்தை. க்யூ-ஏ-டி-ஐ, இஸ்லாமிய நீதிபதி, நம் ஊர் காஜிதான். க்யூ-ஓ-பி-எச், எபிரேய எழுத்து. க்யூ-ஏ-என்-ஏ-டி, ஈரானில் மலையடியிலிருந்து நிலத்தடியில் நீர் கொண்டுவரும் கால்வாய். இவற்றில் பாதிக்கு மேல் அரபி ‘காஃப்’ எழுத்தை க்யூவாக எழுதியதால் வந்தவை. அது தெரிந்தால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

சரி, பொருள் எதற்கு? எஸ்ஸுக்கு.

எஸ் காய் நான்கே. எதிராளி வைத்த க்யூ-ஏ-டியின் வாலில் எஸ்ஸை வைத்து, அதிலிருந்து உங்கள் சொல்லைக் கீழே இறக்கினால் அவருடைய க்யூவின் பத்துப் புள்ளி உங்கள் கணக்கிலும் ஏறும். ஆனால் வால் ஒட்டுமா என்று எப்படித் தெரியும்? இலை பெயர்ச்சொல், ஒட்டும். சந்தை, நீதிபதி, கால்வாய், எழுத்து எல்லாம் ஒட்டும். க்யூ-யு-ஏ என்று ஒன்று இருக்கிறது, ‘என்ற முறையில்’ என்று பொருள். அது வினையடை, ஒட்டாது. எழுத்தை மட்டும் படித்தவர் அங்கே எஸ் வைப்பார், எதிராளி ‘இந்தச் சொல் செல்லாது’ என்று சேலஞ்ச் செய்வார், காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த முறை பூஜ்யம்.

உயிரெழுத்து குவிந்த கையிலும் இதே கதைதான். ஏ-ஏ, ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை: எஸ் வரும். ஏ-ஐ, மூன்று விரல் தேவாங்கு மாதிரியான ஸ்லாத்: வரும். ஓ-ஈ, ஃபரோ தீவுகளில் அடிக்கும் சுழற்காற்று: வரும். ஏ-ஈ, ஸ்காட்லாந்து வழக்கில் ‘ஒரு’. பெயரடை, வராது. நான்கும் பார்க்க ஒரே சாடை. பொருளைத் தவிர வேறு எதை வைத்துப் பிரிப்பீர்கள்?

உயிரெழுத்தே இல்லாதவற்றைப் பாருங்கள். சி-டபிள்யூ-எம், வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது, ‘கூம்’ என்று சொல்ல வேண்டும், பனியாறு குடைந்த கிண்ணப் பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் ஏறுபவர்கள் கடக்கும் வெஸ்டர்ன் கூம் இதேதான். எஸ் வரும். பி-எஸ்-எஸ்-டி, யாரையோ ரகசியமாகக் கூப்பிடும் ‘ஸ்ஸ்’. வராது. எச்-எம், யோசனை முனகல். எஸ் வராது, ஆனால் இன்னொரு எம் ஒட்டலாம், அதற்குப் பின் மூன்றாவது எம்மும்.

பொருளும் கைவிடும் இடங்கள் உண்டு. ஜே-ஓ ஸ்காட்லாந்துக் காதலி. எஸ்ஸோடு ஜே-ஓ-ஈ-எஸ் என்ற பன்மையும் உண்டு. ஈ-ஈ அதே நாட்டுக் கண். பன்மை ஈ-ஈ-என், எஸ் செல்லவே செல்லாது. இப்படிப்பட்டதை மட்டும் தனித்தாளில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள், மனப்பாடத்துக்கு அவ்வளவுதான் வேலை. ஒன்று சொல்ல விட்டேன்: செல்லும் சொற்களுக்கு அமெரிக்கப் பட்டியல் வேறு, காலின்ஸ் அகராதிப் பட்டியல் வேறு. இந்தியப் போட்டிகளில் காலின்ஸ். யாக்குக்கும் மாட்டுக்கும் பிறந்த இமயமலைக் கலப்பினமான இசட்-ஓ காலின்ஸில் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் கிடையாது. உங்களுக்குக் கிடைத்தது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் கெட்டிக்காரி. டி-ஓ-எஸ்-ஏ செல்லும். பன்மைக்கு எஸ்ஸும் சேர்க்கலாம், ஐயும் சேர்க்கலாம். நாம் தோசை என்பது அங்கே பல தோசை! ஐ-டி-எல்-ஐ செல்லும், எஸ்ஸும் சேரும். ஓட்டல் பலகையில் எழுதுவதுபோல் கடைசியில் ஒய் போட்டாலும் பலகையில் நிற்கும். ஆனால் அது தட்டில் வருவது இல்லை, ‘சோம்பலாக’ என்று பொருள்படும் வினையடை. அதன் வாலில் எஸ் வைத்தால் தயங்காமல் சேலஞ்ச் செய்யுங்கள்.