டெல்லி இன்டர்ன்ஷிப்ப பாதில விடலாமான்னு கேட்ட குடியாத்தம் தம்பிக்கு

தம்பி, எம்.பி. ஆபீஸ்ல பேப்பர் கட்டிங் ஒட்டறதும் மனுவுக்கு பதில் டைப் அடிக்கறதும்தான் வேலை, செமினார்ல புரொஃபசர் பாலிசி பேப்பர் கேக்கறாரு, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல, ஊருக்கே வந்துடவான்னு எழுதியிருந்தீங்க. வந்துடாதீங்க. நானும் காட்பாடில ரயில் ஏறிப் போய் முதல் மாசம் பூரா இப்படித்தான் தவிச்சேன்.

அந்த மனுதான் உங்க பேப்பரே. தொகுதி ஜனங்க எழுதற ஒரு குறை எப்படி சபைல கேள்வியா மாறுதுன்னு பாருங்க. லோக்சபால ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விதான், அதுக்கு மட்டும்தான் மந்திரி வாயால பதில் சொல்லணும், மீதி 230 எழுத்துல வந்துடும், நோட்டீஸ் 15 நாள் முன்னாடியே குடுக்கணும், அதனால பி.ஏ.கிட்ட நாளைக்கே போய் நான் ஒரு கேள்வி ட்ராஃப்ட் பண்ணித் தரேன் சார்னு கேளுங்க.

தலைப்புக்கு எங்கயும் அலைய வேணாம், நம்ம பாலாறு இருக்கு. அதுல கலக்கற தோல் பதனிடற ஷாப் கழிவுத்தண்ணிக்கு எதிரா வேலூர்க்காரங்க போட்ட கேஸ்லதான் 1996ல சுப்ரீம் கோர்ட், கெடுத்தவனே காசு கட்டணும்ங்கறது இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதின்னு சொல்லுச்சு (தீர்ப்புல வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு இருக்கும், அந்தப் பேர்லயும் தேடுங்க). அதுக்கப்புறம் ஆம்பூர், ராணிப்பேட்டை பத்தி பார்லிமென்ட்ல யார் யார் என்ன கேட்டாங்க, என்ன பதில் வந்துச்சுன்னு வருஷவாரியா எடுத்து அடுக்குங்க, எல்லாம் பார்லிமென்டோட சன்சத் சைட்லயே கிடைக்கும். பி.ஏ. முடியாதுன்னுட்டா இங்கயே எழுதுங்க, வேற வழி பாக்கலாம்.