விழித்திரையில் மஞ்சள் படிவுகள்: லேசரால் அகற்றலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. கண்ணாடி மாற்றச் சென்றபோது, இரு கண்களிலும் ‘ட்ரூசன்’ எனப்படும் மஞ்சள் படிவுகள் இருப்பதாக மருத்துவர் கூறி, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். பார்வையில் குறை ஏதும் இல்லை. கண்புரையைப் போல இவற்றையும் இப்போதே அகற்றிவிட முடியாதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மென்மையான லேசரால் இப்படிவுகளைக் கரைக்க முடியும், ஆனால் அதனால் பார்வை காக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் பெரிய படிவுகள் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் கொடுத்து, மறு கண்ணை அப்படியே விட்டு ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, பார்வை கணிசமாகக் குறைந்த கண்கள் இரு தரப்பிலும் ஒரே அளவில், அதாவது 20.5 சதவீதமாகவே இருந்தன.

காரணம், கோளாறு படிவோடு முடிவதில்லை. ஒளியை உணரும் செல்கள் அன்றாடம் உதிர்க்கும் கழிவை, அவற்றின் பின்னாலுள்ள நிறமிச் செல்கள் விழுங்கிச் செரித்து, புரூக் சவ்வு எனும் மெல்லிய படலத்தின் வழியாக இரத்தக் குழாய்களுக்கு அனுப்புகின்றன. வயது ஏற ஏற அச்சவ்வு தடித்துவிடுவதால், கொழுப்பும் புரதமும் அங்கேயே தேங்கி, நிறமிச் செல்களை அவற்றுக்கு உணவூட்டும் இரத்த ஓட்டத்திலிருந்து விலக்குவதோடு, அழற்சியையும் தூண்டுகின்றன. சில படிவுகள் தாமாகவே மறைவதுண்டு. மறைந்த இடத்தில் செல்கள் அழிந்திருப்பதும் உண்டு என்பதால், அதை நற்செய்தியாக மட்டும் கொள்ள இயலாது.

எனவே, அடுத்த முறை படிவின் அளவைக் கேளுங்கள். 63 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்டவை பெரும்பாலும் முதுமையின் இயல்பே. 125 மைக்ரானைத் தாண்டியவையே, அதிலும் நிறமி மாற்றத்தோடு சேர்ந்து இருப்பவையே, தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவை. அந்நிலையில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டின், ஸியாசாந்தின் அடங்கிய மாத்திரையை மருத்துவர் பரிந்துரைக்கலாம்; அது, இப்படிவுகளோடு தொடங்கும் விழித்திரை மையச் சிதைவு (மாகுலர் டிஜெனரேஷன்) என்ற நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துமேயன்றிப் படிவை நீக்காது. சிறு படிவுகளுக்கு அது தேவையில்லை. பொன்னாங்கண்ணியும் கேரட்டும் நல்ல உணவுதான், இதற்கு மருந்தல்ல. புகைப்பழக்கம் நோயைத் தீவிரப்படுத்தும்.

வீட்டில், வாசிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாத நாட்காட்டியின் கட்டங்களைத் தாயார் பார்க்கட்டும். பிறகு மறு கண்ணால். இரு கண்களையும் திறந்து பார்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். கோடுகள் நெளிந்தோ நடுவே கறை விழுந்தாற்போலவோ தெரிந்தால், புதிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கலாம். அப்போது ஆறு மாதக் கெடுவுக்குக் காத்திராமல் உடனே செல்லுங்கள். கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்து தொடக்கத்தில்தான் நன்கு பலன் தருகிறது.