குக்கர்ல சிக்கன் பிரியாணி: உங்க கேள்வி, என் பதில்

ராத்திரி சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரத்துல செய்யிற பிரியாணி பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முதல்ல நான் போடுற அளவைச் சொல்லிடறேன், கீழே வர்ற பதில் எல்லாம் இதை வச்சுத்தான். 5 லிட்டர் குக்கர். 200 மில்லி டம்ளர்ல 2 டம்ளர் சீரகச் சம்பா, எலும்போட பிராய்லர் கோழி அரை கிலோ, பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, பச்சை மிளகாய் 4, இஞ்சி பூண்டு விழுது 2 மேசைக்கரண்டி, தயிர் கால் டம்ளர், மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், புதினாவும் மல்லியும் ஒவ்வொண்ணும் ஒரு கைப்பிடி. தாளிக்கப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை, துளி கல்பாசி. எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கடைசியில நெய் ஒண்ணு.

கேள்வி: அக்கா, ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி வச்சேன், பொங்கல் மாதிரி குழைஞ்சு போச்சு. அரிசி சரியில்லையா?

அரிசி மேல தப்பு இல்லம்மா. ஒண்ணுக்கு ரெண்டுங்கறது திறந்த பாத்திரத்துல வடிக்காம செய்யிறவங்க கணக்கு. அதுல நிறைய ஆவியாப் போயிடும். குக்கர்ல ஆவி வெளிய போறது கொஞ்சம்தான். அதனால 20 நிமிஷம் ஊறின சீரகச் சம்பாவுக்கு ஒண்ணுக்கு ஒன்றரை போதும், அதாவது 2 டம்ளருக்கு மொத்தம் 3.

"மொத்தம்"னு சொன்னதைக் கவனிங்க. கோழி தண்ணி விடும், தக்காளி விடும், தயிரும் தண்ணிதான். வதக்கி முடிச்சப்போ குக்கர்ல ஏற்கெனவே அரை டம்ளர் நீர் நிக்கும். அதைக் கழிச்சு இரண்டரை டம்ளர் மட்டும் ஊத்துங்க. நிறைய பேருக்குக் குழையறது இந்த அரை டம்ளராலதான்.

ஊத்தினதும் கொதி வந்தா ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க. உப்பு ஒரு படி தூக்கலா இருக்கணும். அரிசி இழுத்துக்கிட்டா சரியாகிடும். இப்பவே சரியா இருந்தா, வெந்தப்புறம் சப்புன்னு இருக்கும்.

கேள்வி: எனக்கு ஒவ்வொரு தடவையும் அடிப்பிடிக்குது. அடி கனமான குக்கர்தான் வச்சிருக்கேன்.

தீயைக் குறைக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வெங்காயமும் இஞ்சி பூண்டும் வதங்கும்போது அடியில மெல்லிசா ஒரு படலம் ஒட்டும். அதுக்கு மேலயே தண்ணி ஊத்தி மூடினா அந்தப் படலம்தான் முதல்ல கருகும், கருகின வாசனை மொத்தச் சோத்துலயும் ஏறிடும். அதனால கோழி வதங்கினதும் தண்ணியில கால் டம்ளர் மட்டும் ஊத்தி, தட்டையான மரக்கரண்டியால அடியை வழிச்சு விடுங்க. சொரசொரன்னு தட்டுப்படற இடமெல்லாம் வழுவழுன்னு ஆகுற வரைக்கும். ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு சிவப்பா நிக்கும், அப்போ மீதித் தண்ணியை ஊத்துங்க. அரிசியைப் போட்டதும் ஒரே ஒரு கிளறு. அதுக்கு மேல கிளறினா ஊறின அரிசி உடையும், மாவு அடியில இறங்கும்.

கேள்வி: எத்தனை விசில்? ஒருத்தர் ஒண்ணுங்கறார், இன்னொருத்தர் மூணுங்கறார்.

விசிலை எண்ணாதீங்க தம்பி, நிமிஷத்தை எண்ணுங்க. சின்ன குக்கர் சீக்கிரம் கத்தும், பெரிசு மெதுவாக் கத்தும். பெரிய தீயில வச்சா ரெண்டு நிமிஷத்துல மூணு விசில் வந்துடும், அரிசி வெந்திருக்காது. நான் செய்யறது இதுதான்: கொதி வந்ததும் மூடி, ஆவி நேரா சீறி வந்தப்புறம் வெயிட் போட்டு, நடுத்தரத் தீயில ஒரு விசில். உடனே சிம்முல 5 நிமிஷம், பிறகு அடுப்பை அணைச்சிடணும்.

அணைச்சப்புறம் கை வைக்காதீங்க. அழுத்தம் ஏறின குக்கர்ல சூடு 120 டிகிரிக்குப் பக்கத்துல இருக்கும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டா, அல்லது குழாய்த் தண்ணியில காட்டினா, அழுத்தம் சட்டுனு இறங்கி, அரிசிக்குள்ள இருக்கிற தண்ணி ஒரே நொடியில கொதிக்கும். மணி மணியா இருந்த சோறு வெடிச்சு வாய் பிளந்துடும். கல்யாணமான புதுசுல மாமனார் பசியோட உக்காந்திருந்தார்னு நான் குழாய்க்கடியில காட்டித் திறந்தேன். அரிசி பாதி உடைஞ்சு, மசாலா மேல தெறிச்சு, அன்னிக்கு இரவு எல்லாரும் பேசாம சாப்பிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் 15 நிமிஷம் காத்திருக்கேன். அந்த 15 நிமிஷம்தான் உங்க தம்.

கேள்வி: பாஸ்மதி போடலாமா?

தாராளமா. 30 நிமிஷம் ஊற வச்சு, மொத்தம் ஒண்ணுக்கு ஒண்ணேகால் தண்ணி. சிம்முல 3 நிமிஷம் போதும். ஆனா எங்க திண்டுக்கல் பக்கத்து ருசி வேணும்னா சீரகச் சம்பாதான். அந்தக் குட்டி மணி மசாலாவை இழுத்து வச்சுக்கிற மாதிரி பாஸ்மதி வச்சுக்காது.

கேள்வி: நாட்டுக்கோழியில முயற்சி பண்ணினேன், சோறு வெந்தது, கறி ரப்பர் மாதிரி இருந்தது.

ரெண்டையும் ஒண்ணா வேக வச்சா அப்படித்தான் ஆகும். மசாலா வதக்கி, கறியை மட்டும் ஒன்றரை டம்ளர் தண்ணியில 5 விசில் விட்டு, ஆவி தானா அடங்கட்டும். எலும்பு பக்கத்துல நகத்தால கீறினா கறி பிரியணும், இல்லேன்னா இன்னும் ரெண்டு விசில். இப்போ குழம்பை வடிச்சு டம்ளர்ல அளந்து, 3 டம்ளர் வர்ற வரைக்கும் வெந்நீர் சேருங்க. கோழி விட வேண்டிய தண்ணியை ஏற்கெனவே விட்டாச்சு, அதனால இங்க கழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: விருந்தாளி வர்றாங்க, அதே 5 லிட்டர் குக்கர்ல ஒரு கிலோ கோழி, 4 டம்ளர் அரிசி போடலாமா?

வேண்டாம்மா. சோறு பொங்கி விரியும், அதனால குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பக் கூடாது. மேல எழும்புற மசாலா ஆவி போற துவாரத்தை அடைச்சா ஆபத்து. 10 லிட்டர் குக்கர் கடன் வாங்குங்க, இல்லேன்னா ரெண்டு தடவையாச் செய்யுங்க. மூடறதுக்கு முன்னாடி அந்தத் துவாரத்து வழியா வெளிச்சம் தெரியுதான்னு பார்க்கிற பழக்கம் எல்லா வீட்டுக்கும் வேணும். காஸ்கெட் (மூடியில இருக்கிற ரப்பர் வளையம்) இறுகி விரிசல் விட்டிருந்தா, அன்னிக்கே மாத்திடுங்க.

கேள்வி: ஊட்டிக்கு மாற்றலாகி வந்திருக்கோம். அதே அளவு, அதே நேரம், ஆனா நடுவுல அரிசி நறுக்குன்னு இருக்கு.

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2,200 மீட்டருக்கு மேல. அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், குக்கர் உள்ளேயும் சூடு சில டிகிரி குறையும். சிம்முல இன்னும் 3 நிமிஷம் கூடுதலா விடுங்க. தண்ணியைக் கூட்டாதீங்க.

கேள்வி: அமெரிக்காவுல இருக்கேன். இன்ஸ்டன்ட் பாட்ங்கற கரண்ட் குக்கர்ல செஞ்சா "பர்ன்"னு காட்டுது.

மேலே சொன்ன அதே படலம்தான். சாட்டே (வதக்கற மோட்) முடிஞ்சதும் கொஞ்சம் தண்ணி ஊத்தி அடியைச் சுத்தமா வழிங்க. தக்காளியை அடியில படிய விடாதீங்க. ஹை பிரஷர்ல 6 நிமிஷம், 10 நிமிஷம் தானா இறங்க விட்டு, மீதி ஆவியை விடுங்க.

கேள்வி: மிச்சம் மறுநாள் சாப்பிடலாமா?

வெந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள அகலமான டப்பாவுல பரப்பி ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா சாப்பிடலாம். ராத்திரி முழுக்க குக்கர்லயே மூடி வச்சிருந்தா வேண்டாம். வெந்த சோத்துல வளர்ற கிருமி விடற நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. குழந்தைங்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

கேள்வி: நெய் எப்போ ஊத்தணும்?

மூடி திறந்ததும். சோத்து மேல சுத்தி ஊத்தி, 2 நிமிஷம் விட்டு, கரண்டியை ஓரமா இறக்கி அடியிலிருந்து மேலே புரட்டுங்க.