மாமா வீட்டுத் தொழுவத்தில் கிடக்கும் ஃபைபர் காரை மீட்க முடியுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் மாமா வீட்டுத் தொழுவத்தில் ஒரு சிபானி டால்பின் பல வருஷமாக ஓடாமல் கிடக்கிறது. உடம்பு ஃபைபர் என்பதால் பட்டறைக்காரர்கள் யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். இதைச் சரிசெய்து ஓட்ட முடியுமா, இல்லை காயலான் கடைக்குத்தானா?

பதில்:

முடியும். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. அந்தக் காரில் சுலபமாக மீட்கக்கூடிய பாகமே ஃபைபர் உடம்புதான். அது துருப்பிடிக்காது, கறையானும் அதைத் தின்னாது. அதற்கு அடியில் ஒளிந்திருக்கிற இரும்புச் சேஸிஸும் (அடிச்சட்டமும்) வீட்டுப் பீரோவில் இருக்கிற (அல்லது இல்லாத) ஆர்.சி. புத்தகமும்தான் இந்தக் கார் ஓடுமா ஓடாதா என்று தீர்மானிக்கும்.

என் சித்தப்பாவும் ஒரு டால்பின் வைத்திருந்தார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு தகரக் கொட்டகையில் வெகுகாலம் கிடந்த அதை நானும் அவரும் சேர்ந்துதான் மீட்டோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கையில் இருப்பது என்ன வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். டால்பின் 1982-ல் பெங்களூருவில் இருந்து வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் நிறுவனம் 1975-ல் கொண்டுவந்த கிட்டன் என்கிற சின்னக் கார்தான் அதற்கு மூலம். இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர் உடம்பைப் போல்ட் போட்டு உட்கார்த்தியிருப்பார்கள். முன்னால் 848 சிசி அலுமினிய எஞ்சின், ஓட்டுவது பின்சக்கரம். மூலமான கிட்டனின் எடையே சுமார் அரை டன்தான். அதனால்தான் அந்தக் காலத்தில் சென்னைப் பக்கத்துச் சோழவரம் கார்ப் பந்தயங்களிலும் டால்பினைப் பார்க்க முடிந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு மற்ற எல்லாச் சின்னக் கார்களுக்கும் நேர்ந்ததுதான் இதற்கும் நேர்ந்தது, வாங்க ஆள் குறைந்தது.

இங்கிலாந்தில் இதே மாதிரி ஃபைபர் உடம்பைப் பெட்டியில் வாங்கி, வீட்டிலேயே கோத்து ஓட்டுகிற கிட் கார்கள் உண்டு. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி, உதிரியாக வாங்கினால் இல்லை. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வரும்வரை அந்தச் சலுகைக்காகவே பலர் அப்படி வாங்கினார்கள். அந்த வண்டிகளை மீட்கிறவர்கள் செய்கிற வேலைதான் டால்பினுக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பட்டறைக்காரர்கள் ஏன் தொட மறுக்கிறார்கள்? அவர்கள் டிங்கர்கள். சுத்தியல், டாலி, கேஸ் வெல்டிங், பட்டி, இதுதான் அவர்கள் தொழில். ஃபைபரைத் தட்டி நிமிர்த்த முடியாது, வெல்டு வைக்கவும் முடியாது. அதனால் மறுக்கிறவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்கிறவரிடம்தான் ஆபத்து. சித்தப்பாவின் காரில் இடதுபக்க மட்கார்டு விரிசலுக்கு முன்பு எவரோ தகரத் துண்டை வைத்து, ரிவிட் அடித்து, மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி போட்டு, பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ரிவிட் போட்ட ஒவ்வொரு ஓட்டையில் இருந்தும் புதிதாக ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. வெயிலில் தகரம் விரிகிற அளவும் ஃபைபர் விரிகிற அளவும் வேறுவேறு. நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?

நான் சொல்வது இதுதான்: கார்ப் பட்டறையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று நம் கரை முழுக்க ஃபைபர் வள்ளங்கள்தான் (மீன்பிடிப் படகுகள்) ஓடுகின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவையும் ஏராளம். பாறையில் மோதிய வள்ளமும், கரைக்கு இழுக்கும்போது அடி தேய்ந்த வள்ளமும் எப்போதும் பழுதுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த வேலை செய்கிறவர்கள் மேட் (கண்ணாடி இழை விரிப்பு), ரெசின் (அதை நனைத்து இறுக வைக்கிற பிசின்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். நாங்கள் ஒரு மட்கார்டை மட்டும் கழற்றி எடுத்துப் போனோம். அங்கே ஒருவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வள்ளத்துல பாதிக் கனம்கூட இல்லையே, இதுக்கா இம்புட்டு யோசிக்கிய?" என்றார்.

அவர்களிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வள்ளத்துக்குக் கனம்தான் பலம். இன்னும் ஒரு அடுக்கு, இன்னும் ஒரு அடுக்கு என்று போட்டுக்கொண்டே போவார்கள். காருக்கு அது ஆகாது. கனம் ஏறினால் கதவு பொருந்தாது, எடையும் ஏறும். அதனால் உள்பக்கம் பலப்படுத்துகிற வேலையை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். வெளிப்பக்கம் தேய்த்து வழவழப்பாக்குவதைப் பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஒரு நல்ல பெயின்டரிடம் விடலாம்.

எங்கே பலம் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள், தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி. கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கிற இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும், அல்லது பழைய பட்டி ஒளிந்திருக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். நட்சத்திரம் மாதிரிக் கிளை பிரிந்த மெல்லிய விரிசல்கள் இருந்தால், பின்பக்கத்தில் இருந்து ஏதோ அழுத்தியிருக்கிறது என்று பொருள். அதன்மேல் பட்டி பூசினால் கொஞ்ச நாளில் அதே நட்சத்திரம் மறுபடி தெரியும். பின்பக்கம்தான் முதலில் மேட் போட வேண்டும். சில ஃபைபர் வண்டிகளில் கீல், சீட் பொருத்துகிற இடங்களில் மரப்பலகையை உள்ளே வைத்து மூடியிருப்பார்கள். தொழுவத்தில் கிடந்த வண்டி என்கிறீர்கள். ஃபைபரைத் தின்னாத கறையான் அந்தப் பலகையை விட்டிருக்குமா என்று பார்த்துவிடுங்கள்.

விரிசலை எப்படித் திறப்பது என்பதில்தான் வேலையின் பாதி இருக்கிறது. விரிசல் முழுவதையும் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து, பழுதில்லாத இழை தெரிகிற வரை போக வேண்டும். சரிவு அகலமாக இருக்கட்டும். உடம்பின் கனத்தைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது படகு வேலையில் சொல்கிற கணக்கு. யாராவது முன்பு எபாக்சி பசையால் ஒட்டியிருந்தால் அதை முழுக்கத் தோண்டி எடுங்கள், அதன்மேல் பாலியஸ்டர் ரெசின் சரியாகப் பிடிக்காது. பிறகு அசிட்டோன் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 300 அல்லது 450 கிராம் மேட்டை ரெசினில் நனைத்து வைக்க வேண்டும். மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். ரெசின் அதிகமானால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள், மொறுமொறுவென்று உடைகிற ஃபைபர்தான் கிடைக்கும். உள்ளே சிக்கிய காற்றை ரோலரால் உருட்டி வெளியேற்றிவிடுங்கள்.

நம் ஊர் வெயில் இந்த வேலையில் ஒரு பங்காளி. ரெசினை இறுக வைக்கக் கலக்கிற கேட்டலிஸ்ட் வழக்கமாக ஒன்று முதல் இரண்டு சதவீதம், அதாவது ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. மே மாத மதியத்தில் இரண்டு சதவீதம் கலந்தால் டப்பாவிலேயே கட்டியாகி, புகையும் வரும். காலை வெயில் ஏறுவதற்குள், குறைந்த அளவு கேட்டலிஸ்டோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையையே எடுக்காதீர்கள்; ஈரம் இருந்தால் அடுக்கு ஒட்டாது.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். சில ரெசினில், இறுகுவதை விரைவுபடுத்துகிற கோபால்ட் திரவம் முன்பே கலந்திருக்கும், சிலவற்றில் நாமே கலக்க வேண்டியிருக்கும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று சேர்த்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், அதனால் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். அந்தத் தூளின் அரிப்பு சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

பழைய பெயின்டை எடுக்கப் பெயின்ட் ரிமூவர் வேண்டவே வேண்டாம். பெயின்டோடு ஃபைபரின் மேற்தோலான ஜெல்கோட்டையும் அது தின்றுவிடும். பொறுமையாகக் கையால் தேய்ப்பதுதான் வழி. மேட் போட்ட உடனே பெயின்ட் அடிக்கவும் கூடாது. ரெசின் சில வாரங்களுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டால் ஒட்டுப் போட்ட எல்லை பெயின்டுக்கு மேல் கோடாகத் தெரியும். சூட்டு அறையில் வைத்துக் காய வைப்பதைவிட, தானாகக் காய்கிற பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் இதற்கு நல்லது. நிறம் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்போ கருநீலமோ அடித்து நம் வெயிலில் நிறுத்தினால் சூடேறி, உள்ளே இருக்கிற இழையின் தடம் மேலே தெரிய ஆரம்பிக்கும். சித்தப்பாவுக்குக் கறுப்பு மேல்தான் ஆசை, கடைசியில் யானைத் தந்த நிறத்துக்கு ஒத்துக்கொண்டார்.

இப்போது சேஸிஸ். உடம்பு துருப்பிடிக்காது என்பதே இங்கே தொல்லை. மேலே பளபளவென்று இருக்கும், அடியில் சட்டம் இற்றுப்போயிருக்கும். சட்டத்தில் இருந்து பக்கவாட்டில் நீண்டு உடம்பைத் தாங்குகிற கைகளையும், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடங்களையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் உடம்பைத் தூக்கியே ஆக வேண்டும். ஃபைபரை மேலே வைத்துக்கொண்டு வெல்டு அடிக்கச் சொல்லாதீர்கள், தீப்பிடிக்கும். தூக்குவது அப்படி ஒன்றும் பெரிய வேலையில்லை. கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் எடுத்துவிட்டால், வாழைத்தார் ஏற்றுகிற ஆட்கள் ஆறு பேர் போதும். கஷ்டம் எல்லாம் இறுகிப்போன போல்ட்டுகளில்தான். வெல்டு வைக்கும்போது சேஸிஸ் நம்பர் பொறித்த துண்டை மட்டும் வெட்டவோ தேய்க்கவோ விடாதீர்கள். அது போனால் கார் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

லைட் மங்கலாக எரிகிறது, ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறது என்றால் எலெக்ட்ரீஷியன் உடனே பேட்டரியையும் டைனமோவையும் சொல்வார். இரும்புக் காரில் உடம்பே எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிற வழி. ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் சேஸிஸ் வரை போக வேண்டும். பழைய வண்டியில் முதலில் துருவேறுவது அந்த முனைகள்தான். எல்லாவற்றையும் சுத்தமாகச் சுரண்டி மாட்டுங்கள். எலி கடித்த வயர் வேறு கட்டாயம் இருக்கும்.

எஞ்சினைச் சாவி போட்டு உடனே சுற்றிப் பார்க்கிற ஆசை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஊறவிட்டு, அப்புறம் கையால் சுற்றிப் பாருங்கள். அலுமினிய பிளாக், உள்ளே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி லைனர் (உள்ளுறைக் குழாய்). அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் உள்ளே உப்பும் அரிப்புமாக இருக்கும். திறந்து பார்த்துச் சுத்தம் செய்தபின் கூலன்ட் மட்டுமே ஊற்றுங்கள். கேஸ்கெட் தேடும்போது கிட்டன் என்று மட்டும் தேடாதீர்கள். ரிலையன்ட் ராபின், ரியால்டோ என்கிற மூன்று சக்கர வண்டிகளிலும் இதே 848 சிசி எஞ்சின்தான், அவற்றுக்கான பாகங்கள் இங்கிலாந்தில் இன்னும் விற்கின்றன. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை அந்தக் கால ரப்பர் தாங்காது. பிரேக் சிலிண்டர் ரப்பர்களும் அப்படித்தான், பழையதை நம்பி ரோட்டில் இறங்காதீர்கள்.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் மாமாவிடம் ஆர்.சி.யைக் கேளுங்கள். 15 வருஷம் கழித்து, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் படிவம் 25 கொடுத்து, தாமதக் கட்டணம் கட்டி, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் அதற்குப் படிவம் 26. பேருக்கு உரியவர் இறந்துவிட்டிருந்தால் வாரிசுப் பேருக்கு மாற்ற படிவம் 31. வின்டேஜ் பதிவு வாங்கலாமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-ல் வந்த அந்த விதி முதல் பதிவில் இருந்து 50 வருஷம் கடந்த வண்டிகளுக்குத்தான், முதல் டால்பினுக்கே 2032 ஆகும்.

ஆர்.சி. இல்லை, சேஸிஸ் நம்பரும் படிக்க முடியவில்லை என்றால் உதிரி பாகங்களுக்காக இன்னொரு டால்பின்காரரிடம் கொடுத்துவிடலாம். இரண்டும் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடத்தைப் படம் எடுத்துக் கீழே கருத்தில் போட்டால், உடம்பைத் தூக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.