மோலாவுல இருக்கற ஆமைக்கு என்ன அர்த்தம்?

அண்ணா, வணக்கம். பனாமா போயிட்டு வந்த ஃப்ரெண்டு, குனா பழங்குடிப் பெண்கள் கையால தைக்கற மோலா துணி ஒண்ணு குடுத்தான். சிவப்புத் துணில ஒரு ஆமை, சுத்தி ஒரே வளைஞ்ச கோடுங்க. ஆமைன்னா நீண்ட ஆயுள்னு கடையில சொன்னாங்களாம். நெட்லயும் எந்த உருவத்துக்கு என்ன அர்த்தம்னு லிஸ்ட் ஓடுது. நம்பலாமா? ஃப்ரேம் போடலாமா?
கார்த்திக், திருப்பூர்

அன்புள்ள கார்த்திக்,

அந்த லிஸ்ட்ட தூக்கி ஓரமா போடுங்க. அதுல பாதிக்கு மேல வியாபாரப் பேச்சு. கிராமபோன் கம்பெனி நாய், தேர்தல் போஸ்டர், விளம்பரப் படம்னு கண்ணுல பட்டு புடிச்சுப்போனதயெல்லாம் அந்தப் பெண்கள் மோலாவா தச்சிருக்காங்க, கிராமபோன் நாய்க்கு எந்த லிஸ்ட்ல அர்த்தம் தேடுவீங்க?

அதுக்காக வெறும் அலங்காரம்னும் சொல்லிட முடியாது. ஒரு காலத்துல உடம்புல வரைஞ்சுக்கிட்ட கோலந்தான் துணிக்கு வந்துச்சு, அதனால ஆமைய விட அந்த வளைஞ்ச கோடுங்களுக்குத்தான் வயசு ஜாஸ்தி. அப்புறம், மோலாங்கறது சுவத்துல மாட்டற படமில்ல, ரவிக்கையோட முன்பக்கமும் பின்பக்கமும். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி, ஜாடை ஒண்ணா இருக்கும், அச்சு ஒண்ணா இருக்காது. 1920கள்ல பனாமா அரசாங்கம் போலீஸ வச்சு இந்த ரவிக்கை, மூக்கு வளையம், கால்ல சுத்தற பாசிமணியெல்லாம் கூடாதுன்னு நெருக்குச்சு. 1925 பிப்ரவரில குனா மக்கள் ஆயுதம் எடுத்துட்டாங்க, கடைசில அரசாங்கம் இறங்கி வந்து சமாதானம் பேச வேண்டியதாச்சு. என்னைக் கேட்டா மோலாவுக்கு அர்த்தம் அதுல தேடணும், ஆமைகிட்ட இல்ல.

நீங்க தையல் ஊர்க்காரர், துணியத் திருப்பிப் பாருங்க. ரெண்டு மூணு கலர் துணிய அடுக்கி நூலோட்டி, மேல் துணிய கோட்டு வாக்குல வெட்டி, வெட்டின ஓரத்த ஊசி முனையால உள்ள தள்ளி மடிச்சு, அதே கலர் நூல்ல தையல் வெளிய தெரியாம தச்சிருப்பாங்க. அந்த இடுக்குல அடித்துணி எட்டிப் பாக்குது பாருங்க, நீங்க கோடுன்னு சொல்றது அதத்தான். கோடு ஒல்லியா, ஒரே அகலமா போனா நல்ல கை. ஆமை மட்டும் மேல ஒட்டுத்துணியா தச்சு, சுத்தி பெரிய பெரிய தையலா இருந்தா டூரிஸ்டுக்காக அவசரமா பண்ணது. ஓரத்துல பழைய தையல் பிரிச்ச தடம் இருந்தா யாரோ உடுத்தின ரவிக்கைலேருந்து எடுத்தது, எனக்கு அதான் ஒசத்தி.

ஃப்ரேம் தாராளமா போடுங்க. ஆனா பசை போட்டு ஒட்ட விடாதீங்க, பின்னாடி ஒரு துணி குடுத்து நாலு ஓரமும் நூலால புடிச்சுக்கச் சொல்லுங்க, வெயில் அடிக்கற சுவரு வேண்டாம், சிவப்பு வெளுத்துடும்.